பொட்டு வைக்காத குழாய்

பேரூராட்சிகளில் செயல் அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைப் பேச அழைத்த அன்று, நான் அறைக்குள் நுழைந்ததும் ஒரு தம்பி கேட்டார்: “மேடம், மந்திரி வந்தா என்ன பண்ணணும்?” உங்களில் மற்றவர்களும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தீர்கள் என்பது முகங்களிலேயே தெரிந்தது. வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு நேரம் போதாமல் போனதால் இப்போது எழுதுகிறேன். என் பணிக்காலத்தில் அமைச்சர் வந்து நான் பட்ட பாட்டைவிட, வராமல் பட்ட பாடுதான் அதிகம்.

முதலில் உள்ளாட்சி அமைச்சர் என்ற அந்தப் பதவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது உள்ளாட்சிகளுக்குத் தேர்தலே நடக்காமல் கிடந்தது. தலைவர் கிடையாது, உறுப்பினர் கிடையாது. சிறப்பு அலுவலர் கையெழுத்துப் போட்டால் தெருவிளக்கு எரியும். மேலே அமைச்சர் ஒருவர் இருந்தார் என்பது சுவரொட்டிகளில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். பிறகு தேர்தல் வந்தது, ஊருக்கு ஊர் தலைவர்கள் வந்தார்கள். சாக்கடை அடைத்தால்கூடத் தலைவர் அமைச்சரிடம் போவார், அமைச்சர் எங்களிடம் கேட்பார். அதற்கப்புறம்தான் மேலே இருப்பவர் யார், அவருக்குக் காபியா டீயா என்பதெல்லாம் எங்களுக்குத் தேவைப்பட்டது.

ஆனால் அந்தப் பதவி ஒருநாளும் ஒரு நிலையில் நின்றதில்லை. சில காலம் நகரம், கிராமம் எல்லாம் ஒரே அமைச்சர் கையில். சில காலம் நகராட்சிகள் ஒருவரிடம், ஊரக வளர்ச்சி இன்னொருவரிடம். நம் பேரூராட்சி இருக்கிறதே, அது முழு நகரமும் இல்லை, முழு கிராமமும் இல்லை. பாகப்பிரிவினை நடக்கும்போதெல்லாம் யார் பங்கில் விழுவோம் என்று நமக்கே தெரியாது. ஒருமுறை பேரூராட்சி என்ற பெயரையே எடுத்துவிட்டுச் சிறப்பு ஊராட்சி என்றார்கள். கொஞ்ச காலம் கழித்துப் பழைய பெயரே திரும்பி வந்தது. அதில் முழு மனதோடு மகிழ்ந்தவர் பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர் ஒருவர்தான்.

அமைச்சர்களும் பல விதம். ஒருவர் எந்த ஊருக்கு வந்தாலும் மேடைக்குப் போகுமுன் சாக்கடையைப் பார்ப்பார், மூக்கைப் பொத்தவும் மாட்டார். இன்னொருவர் மாலையை எண்ணுவார். அவர்களைப் பற்றி இப்போது புகாரும் இல்லை, புகழும் இல்லை. நாற்காலி அங்கேயே இருந்தது, ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள், நாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

திறப்பு விழா என்றால் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்வெட்டு. வேலை முடிந்ததா என்பதெல்லாம் அப்புறம். திறந்து வைப்பவர் யார், தலைமை யார், முன்னிலை யார், யார் பெயர் எந்த வரியில், எந்த அளவு எழுத்தில் என்று ஒரு கல்லுக்காக நான் உட்கார்ந்த கூட்டங்களை நினைத்தால் இப்போதும் கழுத்து வலிக்கிறது. பழங்காநத்தத்தில் எங்களுக்குக் கல் வெட்டித் தரும் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லாப் பெயரையும் வெட்டிவிட்டு அமைச்சர் பெயருக்கான வரியை மட்டும் விழாவுக்கு முந்தின நாள்வரை வெறுமையாக விட்டு வைப்பார். ஏன் என்று கேட்டால், “அவசரப்பட்டு வெட்டி நான் ரெண்டு கல்லு நட்டப்பட்டுட்டேன் மேடம், ஆளு காரை விட்டு இறங்கட்டும்” என்பார்.

கொன்றையேந்தல் பேரூராட்சிக்கு நான் செயல் அலுவலராக, ஊர்ப் பேச்சில் ஈஓவாக, போனது தேர்தல் முடிந்து தலைவர்கள் வந்த பிறகு. விளாங்குடி தாண்டித் திண்டுக்கல் சாலையில் போய் உள்ளே திரும்ப வேண்டும். ஊருக்கு மேற்கே வயல், கிழக்கே ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் பக்கத்து ஊராட்சி தொடங்கிவிடும். அங்கே ஓடைக்காலனி என்று ஒரே தெருவில் நெருக்கி நெருக்கி வீடுகள். எங்கள் ஊருக்கும் அந்தக் காலனிக்கும் சேர்த்து ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டினோம். தொட்டி எங்கள் எல்லைக்குள், அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், குழாய் சின்னப் பாலத்தின் ஓரமாக ஓடையைக் கடந்து காலனிக்குப் போகும். நகரமும் கிராமமும் அப்போது ஒரே அமைச்சரிடம் இருந்ததால் இப்படிச் சேர்த்துக் கட்டுவதில் ஒரு சிக்கலும் வரவில்லை.

எங்கள் பேரூராட்சித் தலைவர் தவசி. பரம்பரையாக நெல் போடுகிற குடும்பம். கைச்சுத்தமான மனிதர், ஆனால் விழா என்றால் உயிரை விடுவார். பந்தல்காரனையும் கொட்டுக்காரனையும் பார்த்தால் அவர் முகமே மாறிவிடும். தொட்டி வேலை முடிந்து அமைச்சர் தேதியும் கொடுத்ததும், பட்டறைக்காரரை நச்சரித்து அமைச்சர் பெயரையும் சேர்த்து முன்கூட்டியே வெட்டி வாங்கிவந்து, தொட்டிக்குக் கீழே சின்னச் சுவர் எழுப்பிக் கல்லைப் பதித்துவிட்டார்.

“எதுக்குங்க தலைவரே இம்புட்டு அவசரம்?” என்று கேட்டேன்.

“மந்திரி வாராருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்ம்மா. கல்லைப் பாத்தாத்தேன் சனம் நம்பும்.”

விழாவுக்கு முந்தின நாள் காலை வானொலியில் செய்தி. அமைச்சரவை மாறிவிட்டது. எங்கள் அமைச்சர் வேறு துறைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் என்றால் பெயரை மாற்றிக்கொண்டு மேலே போயிருப்போம். துறையையே இரண்டாக உடைத்து, நகராட்சி நிர்வாகத்தை ஒருவரிடமும் ஊரக வளர்ச்சியை இன்னொருவரிடமும் கொடுத்துவிட்டார்கள். நான் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தவசி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லைப் போர்த்தி, சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். துக்க வீட்டு முகம்.

அன்று மதியத்துக்குள் இரண்டு தரப்பும் வந்துவிட்டன. தொட்டி நிற்பது பேரூராட்சி மண், ஆகவே எங்கள் அண்ணன்தான் திறப்பார் என்றார்கள் நகராட்சி அமைச்சரின் ஆட்கள். தண்ணீர் போவது ஊராட்சிக்கு, எங்கள் அண்ணன் இல்லாமல் வால்வைத் தொடக் கூடாது என்றார்கள் ஊரக வளர்ச்சி அமைச்சரின் ஆட்கள். இரண்டு அண்ணன்களும் ஒரே மேடையில் ஏற மாட்டார்கள் என்பதை மட்டும் இரு தரப்பும் ஒற்றுமையாகச் சொன்னார்கள். விழா ஒத்திவைக்கப்பட்டது. எதுவரை என்று யாரும் சொல்லவில்லை.

நல்ல கோடை அது. தொட்டி நிறையத் தண்ணீர் நின்றது. அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன.

எங்கள் ஊருக்குள்ளாவது பழைய அடிகுழாய்கள் இருந்தன, இழுத்து இழுத்து அடித்தால் கொஞ்சம் வரும். காலனிக்கு ஓடைக்கரைக் கிணறு ஒன்றுதான். வெயிலில் நீர் கீழே போய்க் கலங்கிவிட்டது. வாடகை லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள். பல ஊருக்கு ஒரே லாரி, எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காலனியில் ஒவ்வொரு வீடாக வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. சுகாதார ஆய்வாளர் வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு, “இதைக் குடிக்காதீங்க” என்று சொல்லிப் போனார். வேறு எதைக் குடிப்பது என்பது அவர் துறை இல்லை.

மறுநாள் காலை அலுவலக வாசலில் ஒரு பெண் வெறும் குடத்தை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள், ஓடைக்காலனி. உங்கள் ஊராட்சித் தலைவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று என் அலுவலக ஆட்கள் விரட்டியிருக்கிறார்கள். அவர் அசையவில்லை. நான் உள்ளே கூப்பிட்டேன்.

“எம் மக செல்வி பிள்ளை பெத்து வந்து கெடக்காம்மா. பச்ச ஒடம்பு. நேத்துலருந்து வயித்தால போகுது. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், கொதிக்க வச்ச தண்ணியாக் குடுன்னாங்க. அந்தக் கெணத்துத் தண்ணியக் கொதிக்க வச்சா சேறுதேன் மிஞ்சுது.” சன்னல் வழியாகத் தொட்டியைக் காட்டினார். “அங்கன தண்ணி நெறஞ்சு நிக்குது. மந்திரி வந்துதேன் எம் மகளுக்குத் தண்ணி ஊத்தணுமாம்மா?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தப் பெண் பிழைக்க வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் கண்ணுக்கெதிரே நிற்கிறது. இதில் நான் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். என்னோடு தேர்வான ஒருவர் வேறு ஊரில் பேருந்து நிலையக் கழிப்பறையை, திருவிழாக் கூட்டம் தாங்காமல், விழாவுக்கு முன்பே திறந்துவிட்டார். அமைச்சர் ரிப்பன் வெட்ட வந்தபோது அது ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது வாசலிலேயே வாசனையில் தெரிந்துவிட்டது. அதே வாரம் அவர் தற்காலிகப் பணிநீக்கம். அதைவிட மோசம், கோபத்தில் கழிப்பறையைப் பூட்டியவர்கள் பல மாதம் திறக்கவே இல்லை. எனக்கு வேலை போகிற பயம் இருந்தது, மறைக்கவில்லை. அதைவிடப் பெரிய பயம், நான் திறந்து அவர்கள் மூடிவிட்டால் காலனிக்கு அந்தக் கோடை முழுக்கத் தண்ணீர் கிடையாது என்பது.

உதவி இயக்குநருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்க எனக்குப் போன் பண்ணவே இல்ல. நான் எடுக்கவும் இல்ல.” மேலதிகாரிகளில் இவர் நல்லவர், மோசமானவர்கள் எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேசுவோம். என் கணவருக்குச் செல்லூரில் இரண்டு விசைத்தறி, அதில் பாதி நாள் கரண்ட் இருக்காது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆபீஸ் பேச்சு வந்தால் அவர் தமிழுக்கு மாறிவிடுவார், அதற்குத்தான் அந்த மொழி சரி என்பார். “வேலை போனா போகட்டும்னு சொல்ல ஆசைதேன்” என்றார். “ஆனா போகாம எப்படித் திறக்கிறதுன்னு யோசி. நீ யோசிப்ப.” எனக்கு அப்போது தேவைப்பட்டது அந்தக் கடைசி இரண்டு சொல்தான்.

காலையில் பொறியாளர் சேகரைக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரர், நிழலைக் கண்டாலும் பயப்படுவார்.

“சேகர், தொட்டிய ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?”

“வெள்ளோட்டம் விட்டுக் குழாய் கசியுதான்னு பாக்கணும் மேடம். விட்டாச்சு.”

“காலனி கடைசிக் குழாய் வரைக்கும் விட்டீங்களா?”

தலையைச் சொறிந்தார். “பாலத்துக்கு இந்தப் பக்கம் பாத்தோம். அந்தப் பக்கம் விழா முடிஞ்சு பாத்துக்கலாம்னு...”

“அப்ப வெள்ளோட்டம் முடியல.”

“மேடம், என் வேலைக்கு உலை வச்சிராதீங்க.”

“நான் திறக்கச் சொல்லலையே சேகர். கசிவு பாக்கச் சொல்றேன். பாதி பாத்த வேலைய முழுசாப் பாருங்க. கடைசிக் குழாயில தண்ணி வந்து விழுந்தாத்தானே பாத்ததா அர்த்தம்? விழுற தண்ணிய மண்ணுல விடுறதா, குடத்துல பிடிக்கிறதா? வீணாக்கினா அது தப்பில்லையா?”

சேகர் முகத்தில் சிரிப்பு மெல்ல வந்தது. என்றைக்கும் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

தவசியைச் சமாளிப்பதுதான் கடினமாக இருந்தது. மந்திரி கையால் விழ வேண்டிய தண்ணீர் இப்படிச் சத்தமில்லாமல் விழுவதா என்று அவருக்கு மனசே ஆறவில்லை. “கொட்டு கூட இல்லாமயாம்மா?” என்றார். கொட்டு இல்லை, மாலை இல்லை, ரிப்பன் இல்லை, தலைவரும் அந்தப் பக்கம் வரக் கூடாது என்றேன். நீங்கள் வந்து நின்றால் அது விழா ஆகிவிடும் என்று சொன்னபோது அவர் வருத்தத்தில் பாதி பெருமையாக மாறியதைப் பார்த்தேன். “அதுவுஞ் செரிதேன்” என்று போய்விட்டார்.

பிறகு காலனிக்குப் போய்ப் பெண்களைக் கூட்டி விதிகளைச் சொன்னேன். காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அது கசிவு பார்க்கிற தண்ணீர். பிடித்துக்கொள்ளலாம். ஆனால் குழாய்க்குப் பூப் போடக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது, கற்பூரம் காட்டக் கூடாது, பொட்டு வைக்கவே கூடாது.

கடைசி விதியைக் கேட்டதும் கூட்டத்தில் சலசலப்பு. “பொட்டு வைக்காம எப்படிம்மா புதுக் கொழாயில தண்ணி பிடிக்கிறது? ஆகாதும்மா” என்றார் ஒருவர். நம் ஊரில் புது அடுப்புக்குப் பொட்டு, புது வண்டிக்குப் பொட்டு. புதுக் குழாயை வெறும் நெற்றியோடு விடச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் எனக்குத் தெரியும், யாராவது பார்க்க வந்தால் முதலில் தேடுவது அதைத்தான். மஞ்சள், சந்தனம், கற்பூரக் கரி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தொட்டி திறக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எந்தச் சாட்சியும் தேவையில்லை.

பேச்சியம்மாள்தான் எழுந்து பேசினார். “அது இன்னும் நம்ம கொழாய் ஆகலடி. ஆனப்பெறகு வச்சுக்கலாம். இப்பக் குடத்தை எடுங்க.”

சேகர் வால்வைத் திருகினார். முதலில் காற்று வந்தது, பிறகு சிவப்பாகத் துரு, பிறகு நல்ல தண்ணீர். யாரும் குலவை போடவில்லை. போட வாயெடுத்த ஒரு பாட்டியின் வாயை மருமகள் கையால் பொத்தினாள். தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பேச்சியம்மாள் முதல் குடத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், தம்பிகளே, தங்கைகளே. வெள்ளோட்டம் என்று சொல்லிவிட்டு நாங்கள் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் சேகரும் நானும் தொட்டியிலிருந்து கடைசிக் குழாய் வரை குழாய்ப்பாதையோடு நடந்தோம். இணைப்பு இணைப்பாக மண்ணை விலக்கி, தொட்டுப் பார்த்தோம். நிஜமாகவே கசிந்தது. பாலத்து ஓரம் ஓர் இணைப்பு நன்றாகவே ஒழுகியது. விழா முடிந்து கண்டுபிடித்திருந்தால் ஊர் சிரித்திருக்கும். ஒரு காரணத்தின் பின்னால் ஒதுங்கி நிற்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் காரணம் உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பொய்க் காரணம் யாராவது கேள்வி கேட்ட உடனே விழுந்துவிடும், கூடவே நீங்களும் விழுவீர்கள்.

செல்வி எழுந்து உட்கார்ந்தாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று பேச்சியம்மாள் பாலத்தில் என்னை நிறுத்திச் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு நான் சிரித்ததை நடத்துநர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான். யாரோ மேலிடத்துக் காதில் ஊதிவிட்டார்கள்.

ஒரு காலை, குழாயடியில் வரிசை பாதி நகர்ந்திருந்த நேரம். திண்டுக்கல் சாலையிலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே திரும்பின. நகராட்சி அமைச்சர். முன்தகவல் இல்லை, மாலை இல்லை, கொட்டு இல்லை. தவசி செருப்பு மாட்ட மறந்து ஓடிவந்தார். கார் தொட்டிக்கு அருகே நிற்கும் என்று நினைத்தேன். நேராகப் பாலம் வந்து, ஓடையைத் தாண்டி, காலனிக் குழாயடியிலேயே நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பெண்கள் குடத்தோடு அப்படியே நின்றார்கள். சேகர் என் பின்னால் மறைய இடம் தேடினார்.

அமைச்சர் கனத்த உருவம், சின்னக் கண்கள். இறங்கியதும் குழாயைத்தான் பார்த்தார்.

“யாரும்மா தொறந்தது?”

“யாரும் தொறக்கலைங்க ஐயா” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “கசிவு பாக்குறோம்.”

“கசிவு பாக்கத்தான் இம்புட்டுக் கொடமா?”

“விழுற தண்ணிய வீணாக்க வேணாம்னு பிடிச்சுக்கச் சொன்னேங்க ஐயா.”

கூட வந்தவர்களில் ஒருவர், “ஐயா, எல்லாம் அந்த ஊரக வளர்ச்சி அமைச்சர் ஆளுங்களுக்காகப் பண்ற வேலை” என்றார். அமைச்சர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்க கசியுது, காட்டுங்க.”

பாலத்துக்குக் கூட்டிப் போனேன். இணைப்பைச் சுற்றிப் புதிதாக இறுக்கிய பட்டை இருந்தது, கீழே மண் இன்னும் ஈரம். அமைச்சர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு விரலில் நின்றது. அந்த ஒரு சொட்டுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

திரும்பிக் குழாயடிக்கு வந்தார். இப்போது குழாயைக் கிட்டே போய்ப் பார்த்தார். மேலே, பக்கவாட்டில், அடியில் இருந்த கல்லில். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, அங்கே நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரிந்தது. மஞ்சள் இல்லை. சந்தனம் இல்லை. கரி இல்லை. வெறும் குழாய்.

அவர் முகம் இளகியது. “நான் ரெண்டு தடவை ஊராட்சித் தலைவரா இருந்தவன்மா” என்று என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். “பொட்டு வைக்காத புதுக் கொழாய இன்னைக்குத்தான் பாக்குறேன். எப்படிம்மா இவங்களத் தடுத்தீங்க?”

நான் பதில் சொல்வதற்குள் பேச்சியம்மாள் ஒரு செம்பில் தண்ணீரோடு முன்னால் வந்தார். “வெயில்ல வந்துருக்கீக, குடிங்கய்யா. கசிவு பாக்குற தண்ணிதேன்.”

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அமைச்சர் செம்பை வாங்கி அண்ணாந்து முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “நல்ல தண்ணி” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “வேலை சுத்தமா முடியட்டும். கசிவு நிக்கிற வரைக்கும் பாருங்க. விழாத் தேதி நான் சொல்றேன், யாரும் அவசரப்படுத்தக் கூடாது” என்றார். கார் கதவைச் சாத்துமுன் தவசியைப் பார்த்து, “தலைவரே, வாரப்ப பாத்தேன், அந்தக் கல்லு மேல துண்டு நல்லா இருக்கு, அப்படியே இருக்கட்டும்” என்றார்.

கார்கள் போன பிறகு நான் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். சேகர் பக்கத்தில் உட்கார்ந்து, “மேடம், நாம தப்பிச்சிட்டோமா?” என்று கேட்டார். தப்பிச்சிட்டோம் என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அது பாலத்துக்குக் கீழே எதிரொலித்திருக்கும்.

அந்த அமைச்சர் தேதி கொடுக்கத்தான் செய்தார், ஆனால் கொஞ்ச காலம் கழித்து. தவசி ஆசையோடு பட்டறைக்காரரைக் கூட்டிவந்து கல்லில் பழைய பெயரை இழைத்து எடுத்துவிட்டுப் புதுப் பெயரை வெட்ட வைத்தார். தேதிக்கு முன் மறுபடியும் அமைச்சரவை மாற்றம், இரண்டு துறையும் ஒன்றாகிவிட்டன. மறுபடி இழைத்தார்கள், மறுபடி வெட்டினார்கள். அந்தப் புது அமைச்சர் வருவதற்குள் ஆட்சியே மாறியது. அந்த ஒரு வரி இருந்த இடம் மட்டும் தேய்ந்து தேய்ந்து கல்லில் குழி விழுந்துவிட்டது. “இதுக்கு மேல இழைச்சா கல்லு ஓட்டையாயிரும் தலைவரே” என்று பட்டறைக்காரர் கையை விரித்தார். தவசி துண்டை எடுத்து மறுபடி போர்த்தினார். அதற்குள் அவருக்கே அந்தத் துண்டு பிடித்துப் போயிருந்தது.

இத்தனைக்கும் நடுவே தண்ணீர் ஒரு காலைகூட நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. திறக்காத தொட்டியை எப்படி மூடச் சொல்வது?

எனக்கு மாறுதல் வந்தது. வழக்கமான மாறுதல்தான், தண்டனை இல்லை. அடுத்து வந்தவரிடம் மதியமே பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கடைசியாகக் காலனிக்குப் போனேன். பேச்சியம்மாள் விஷயம் தெரிந்து குழாயடிக்கு வந்தார். கையில் குங்குமச் சிமிழ்.

“இன்னைக்காச்சும் வச்சுக்கலாமாம்மா?”

“நான் இப்ப ஈஓ இல்ல பேச்சியம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன்.

மஞ்சளைக் குழைத்துக் குழாயின் தலையில் தடவினார். நடுவில் குங்குமம். தெருவே வந்து நின்றது. குலவை போடத் தடையில்லை என்று கண்டதும் அந்தப் பழைய பாட்டி அத்தனை நாள் அடக்கி வைத்ததையும் சேர்த்துப் போட்டார். பேச்சியம்மாள் விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை என் நெற்றியில் வைத்தார். நான் அழுதுவிட்டேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

உங்களில் யாருக்காவது கொன்றையேந்தல் கிடைக்கலாம். அங்கே அந்தத் தொட்டிக்கான கோப்பை எடுத்துப் பார்த்தால், ‘வெள்ளோட்டத்தில் உள்ளது, திறப்பு விழாவுக்கு அமைச்சரின் தேதி எதிர்பார்க்கப்படுகிறது’ என்றுதான் இருக்கும். புது வேகத்தில் தேதி கேட்டு யாருக்கும் எழுதிவிடாதீர்கள். காலையில் எழுந்து பாலம் வரை நடந்து, கசிவு பார்த்துக்கொண்டிருங்கள்.